பலமான ஆக்சில் போட்ட பிறகும் வண்டி ஆடுவது ஏன்?

அமெரிக்கக் கிராமப்புறங்களில் "பிக்கப்" வண்டியைப் பார்க்காமல் திரும்ப முடியாது. முன்பக்கம் கார் மாதிரி இருக்கும். பின்பக்கம் திறந்த பெட்டி. வைக்கோல் கட்டு, விறகு, உர மூட்டை எல்லாம் அதில் ஏறும். வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் கடைத்தெருவுக்குப் போவதும் அதே வண்டியில்தான்.

அந்த வண்டிக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பழைய சிறிய பிக்கப் ஒன்றை வாங்குவார்கள். அதன் ஆக்சில்களைக் கழற்றி விடுவார்கள். வண்டி உடைக்கும் கடையில் பெரிய வண்டியின் ஆக்சில்களை வாங்கி வந்து பூட்டுவார்கள்.

மாட்டு வண்டிக்கு இருசு எப்படியோ, மோட்டார் வண்டிக்கு ஆக்சில் அப்படி. பலமான ஆக்சில் போட்டால் வண்டி முழுவதும் பலமாகிவிடும் என்பது அவர்கள் எண்ணம்.

அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியில் ஆபத்து இருக்கிறது!

அரை டன்னும் ஒரு டன்னும்

1973 முதல் 1987 வரை செவர்லே கம்பெனி செய்த பிக்கப் வண்டிகளை எடுத்துக்கொள்வோம். அவற்றில் "கே-10" என்பது அரை டன் ரகம். "கே-30" என்பது ஒரு டன் ரகம்.

கே-10 வண்டியின் சக்கரத்தில் 6 நட்டுகள் இருக்கும். கே-30 வண்டிக்கு 8 நட்டுகள். கே-30 வண்டியின் முன்பக்கத்தில் 1977 முதல் "டானா 60" என்ற ஆக்சில் வந்தது. பின்பக்கத்தில் "14 போல்ட்" ஆக்சில். அதனுள்ளே இருக்கும் கிரவுன் பல்சக்கரத்தின் அகலம் 10½ அங்குலம். சிறிய வண்டியின் "10 போல்ட்" ஆக்சிலில் அது 8½ அங்குலம்தான்.

இன்னொரு பெரிய வித்தியாசமும் உண்டு. சிறிய ஆக்சிலில் உள்ளே ஓடும் ஷாப்டே சக்கரத்தைச் சுழற்றுகிறது. பாரத்தையும் அதுவே தாங்குகிறது. ஷாப்டு முறிந்தால் சக்கரமே கழன்று ஓடிவிடலாம்!

பெரிய ஆக்சிலில் பாரத்தை வெளிக்குழாய் தாங்கிக்கொள்கிறது. ஷாப்டுக்குச் சுழற்றும் வேலை மட்டும்தான். அது முறிந்தாலும் சக்கரம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இப்படிப்பட்ட ஆக்சிலை ஆசைப்பட்டுப் பூட்டுவதில் தவறில்லை. ஆனால் பூட்டி முடித்து வண்டியைக் கிளப்பியதும் தொல்லைகள் வரிசையாக வருகின்றன. எதை முதலில் பார்ப்பது?

முதலில் பிரேக்!

சத்தத்தை அப்புறம் கவனிக்கலாம். முதலில் பார்க்கவேண்டியது பிரேக்.

மிதித்ததும் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறதா? அப்படியானால் வண்டியைத் தெருவில் எடுக்கக்கூடாது.

காரணம் இரண்டு. ஒன்று, குழாயில் காற்று இருக்கும். டிஸ்க் பிரேக்கின் காலிப்பர்களை இடம் வலம் மாற்றிப் பூட்டிவிட்டால், ஏர் எடுக்கும் நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்துவிடும். காற்று மேலேதான் தங்கும். எத்தனை முறை ஏர் எடுத்தாலும் அது வெளியே வராது. நிப்பிள் மேலே இருக்கவேண்டும்.

இரண்டாவது காரணம், பெரிய ஆக்சிலின் பிரேக்குக்கு அதிக எண்ணெய் தேவை. பழைய மாஸ்டர் சிலிண்டர் சிறியதாக இருந்தால் ஒரே மிதியில் அவ்வளவு எண்ணெயைத் தள்ளாது. ஆக்சிலுக்கு ஏற்ற மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்தே மாற்றவேண்டும்.

ரப்பர் பிரேக் ஹோஸையும் பார்க்கவேண்டும். வண்டியின் சட்டத்தைத் தாங்கிகளின் மேல் நிறுத்தி, சக்கரங்களைத் தொங்கவிட வேண்டும். அப்போது ஹோஸ் விறைத்து நின்றால் அது நீளம் போதாது. பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது அறுந்துவிடும்!

"மரண ஆட்டம்"

வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. திடீரென்று ஒரு மேட்டில் ஏறி இறங்குகிறது. உடனே முன்சக்கரங்கள் இரண்டும் படபடவென்று ஆடுகின்றன. ஸ்டியரிங் கையை உதறுகிறது. அமெரிக்க டிரைவர்கள் இதற்கு "மரண ஆட்டம்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்த நேரத்தில் பிரேக்கை ஓங்கி மிதிக்கக்கூடாது. ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்து, ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்து, மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டவேண்டும்.

இதன் காரணத்தை இரண்டு பேர் சேர்ந்து கண்டுபிடிக்கலாம். ஒருவர் வண்டியில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் அசைக்கவேண்டும். மற்றவர் பக்கவாட்டில் இருந்து டை ராடு முனைகள், கிங் பின், ஸ்டியரிங் பாக்ஸ் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். எது லொடலொடக்கிறதோ அதுவே குற்றவாளி. அந்தச் செவர்லே வண்டிகளில் ஸ்டியரிங் பாக்ஸ் பூட்டியிருக்கும் இடத்தில் சட்டமே வெடிப்பு விடுவது உண்டு.

எல்லாம் இறுக்கமாக இருந்தும் ஆடினால் கோணத்தைப் பார்க்கவேண்டும். சைக்கிளின் முன் போர்க் நேராக நிற்பதில்லை, சற்றுச் சாய்ந்திருக்கிறது. அதனால்தான் சைக்கிள் நேராக ஓடுகிறது. முன் ஆக்சிலுக்கும் அதே மாதிரி ஒரு சாய்வு உண்டு. பூட்டும்போது அது குறைந்துவிட்டால் சக்கரம் அலைபாயும்.

சிலர் ஸ்டியரிங்குக்குப் புது ஷாக் அப்சார்பர் ஒன்றை மாட்டி ஆட்டத்தை அடக்கிவிடுகிறார்கள். இது காய்ச்சலை ஆற்றாமல் போர்வை போர்த்துவது போல. நோய் உள்ளேயே இருக்கும்!

நடுக்கம் எங்கிருந்து?

வேகம் கூடும்போது வண்டி முழுவதும் அதிர்கிறது. அது டயரா, ஷாப்டா?

மெதுவான பெரிய குலுக்கல் என்றால் டயரைச் சந்தேகிக்கவேண்டும். "கிர்ர்" என்ற நுணுக்கமான அதிர்வு என்றால் புரபெல்லர் ஷாப்டைச் சந்தேகிக்கவேண்டும். ஏனென்றால், 4.10 விகித ஆக்சிலில் சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது ஷாப்டு நான்கு சுற்றுக்கு மேல் சுற்றுகிறது.

ஷாப்டின் இரு முனைகளிலும் யூனிவர்சல் ஜாயிண்ட் இருக்கிறது. அமெரிக்காவில் இதைப் பெரிய அளவில் பரப்பியவர் கிளாரன்ஸ் ஸ்பைசர். 1904-ல் நியூஜெர்சியில் தொழில் தொடங்கினார். 1914-ல் சார்லஸ் டானா என்பவர் அந்தக் கம்பெனியில் சேர்ந்தார். 1946-ல் கம்பெனிக்கே டானா என்ற பெயர் வந்தது. "டானா 60" என்ற பெயரின் கதை இதுதான்.

இந்த ஜாயிண்டுக்கு ஒரு குணம் உண்டு. முன் முனையும் பின் முனையும் ஒரே அளவு கோணத்தில் இருந்தால் அமைதியாக ஓடும். கோணம் மாறினால் அதிரும். ஆக்சிலின் மேல் கமான் பட்டை உட்காரும் மேடையைச் சாய்வாக வெல்டிங் செய்துவிட்டால் இந்தத் தொல்லைதான் வரும். சிறிய தப்பானால் பட்டைக்கும் மேடைக்கும் நடுவில் இரும்பு ஆப்பு வைத்துச் சரிசெய்யலாம்.

ஷாப்டின் நீளமும் பொருந்தவேண்டும். நீளமாக இருந்தால் முட்டும். குட்டையாக இருந்தால் கழன்று விழும்.

முன்னும் பின்னும் ஒரே கணக்கு

பின்னால் 4.10, முன்னால் 3.73 என்று மாற்றிப் பூட்டிவிட்டால் என்ன ஆகும்?

சாதாரணமாக ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. நான்கு சக்கர கியர் போட்டதும் முன்சக்கரம் ஒரு வேகம், பின்சக்கரம் ஒரு வேகம் என்று இழுபறி நடக்கும். காய்ந்த தார் ரோட்டில் கியர் பெட்டியே உடையலாம்!

கண்டுபிடிப்பது எளிது. மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கவேண்டும். அதைக் கையால் சரியாக 2 சுற்று சுற்றவேண்டும். ஷாப்டு எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுவே விகிதம். முன் ஆக்சிலிலும் ஹப்பைப் பூட்டி இதே மாதிரி பார்க்கலாம். இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுழலும்படி பூட்டு வைத்த ஆக்சிலுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

பொய் சொல்லும் முள்

பழைய ஆக்சில் 3.08, புதியது 4.10 என்றால், டயர் அதே டயராக இருக்கும்போது 45 மைல் வேகத்துக்கு ஸ்பீடாமீட்டர் ஏறக்குறைய 60 காட்டும். முள்ளின் மேல் குற்றமில்லை. அதை ஓட்டும் சிறிய பல்சக்கரத்தை மாற்றினால் போதும். பின்னாளில் வந்த வண்டிகளில் கம்ப்யூட்டரில் கணக்கைத் திருத்தவேண்டும்.

சத்தமும் சூடும்

ஆக்சிலேட்டரை அழுத்தும்போது ஊளைச் சத்தம், காலை எடுத்ததும் அது மாறுகிறது என்றால், கிரவுனும் பினியனும் சரியாகப் பொருந்தவில்லை. வளைவில் திரும்பும்போது சத்தம் மாறினால் சக்கரத்தின் பேரிங்கைப் பார்க்கவேண்டும்.

பத்து மைல் ஓட்டி நிறுத்தி, நான்கு ஹப்புகளின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பார்க்கலாம். ஒன்று மட்டும் கொதித்தால், அங்கே பேரிங் இறுகியிருக்கும், அல்லது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும். சக்கர நட்டுகளையும், ஆக்சிலைப் பிடித்திருக்கும் யு போல்டுகளையும் சில நூறு மைலுக்குள் மறுபடியும் முறுக்குவது அவசியம்.

பாரம் கூடாது

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு ஒன்று உண்டு. ஒரு டன் ஆக்சில் போட்டதால் ஒரு டன் சுமக்கலாம் என்று எண்ணுவது!

கீழே ஆக்சில் மாறிவிட்டது. மேலே சட்டம் பழைய சட்டம். வண்டி எவ்வளவு தாங்கும் என்று செய்தவர்கள் எழுதி ஒட்டிய அளவு, ஆக்சிலை மாற்றியதால் கூடிவிடாது.

ஆக்சிலைத் தூக்கிப் பூட்ட ஆள்பலம் போதும். அதனோடு சேர்ந்த பிரேக், ஸ்டியரிங், ஷாப்டு, பல்சக்கரம் ஆகியவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதற்குப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை உள்ளவரின் வண்டியில்தான் குடும்பத்தோடு நம்பி ஏறலாம்.