பள்ளிச் சிறுவருக்குக் காலை ஆகாரம்

பள்ளிக்கூடத்தில் பாடம் தொடங்கி ஒரு மணி நேரம் ஆவதற்குள் சில குழந்தைகள் சோர்ந்துவிடுவதை ஆசிரியர் பலரும் கண்டிருப்பர். அக்குழந்தைகளின் கண்கள் கரும்பலகையின் மேல் இருக்கும். கேட்ட கேள்விக்கு விடை வராது. கொட்டாவி விடுவர், தலைவலி என்பர். இத்தகைய குழந்தையை மந்தபுத்தியென்றோ சோம்பேறியென்றோ எண்ணிவிடுவது எளிது. ஆனால் அக்குழந்தை முதல் நாள் இரவு 7 மணிக்கு உண்டபின் வேறு ஆகாரம் இன்றி வந்திருக்கலாம். பள்ளியில் மதிய உணவு 12-30 மணிக்குக் கிடைக்கிறது என்று கொண்டால், இடையே 17½ மணி நேரம் அது பட்டினி கிடக்கிறது. இந்நிலையில் கணக்குப் பாடம் மனத்தில் பதியாமற் போவதில் வியப்பில்லை.

காலை ஆகாரம் சத்துள்ளதாக இருக்க வேண்டும். குழந்தை விரும்பி உண்பதாகவும் இருக்க வேண்டும். விடியுமுன் வேலைக்குப் புறப்படும் தாயால் செய்யக்கூடியதாகவும் இருக்க வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே அமைவது கடினம் எனத் தோன்றலாம். ஆயினும் நாட்டின் ஒவ்வொரு பகுதியிலும் வழக்கத்திலுள்ள ஆகாரங்களைக் கவனித்தால், வழி அவற்றிலேயே இருப்பது விளங்கும்.

உடலின் இரவுச் சேமிப்பு

குழந்தை உறங்கும்போதும் அதன் மூளை ஓய்வதில்லை. மூளைக்கு முக்கிய எரிபொருள் குளுக்கோஸ் என்னும் சர்க்கரை. உண்ட உணவிலிருந்து கிடைக்கும் குளுக்கோஸில் ஒரு பகுதியைக் கல்லீரல் கிளைகோஜன் என்ற பொருளாக மாற்றிச் சேமித்து வைக்கிறது. இரவில் சிறிது சிறிதாக அதை இரத்தத்தில் விடுகிறது. குழந்தையின் கல்லீரல் சிறியது. அதில் அடங்கும் சேமிப்பும் சிறியது. உடல் எடையோடு ஒப்பிட்டால், குழந்தையின் மூளையோ பெரியவர்களின் மூளையைக் காட்டிலும் மிகுதியாகக் குளுக்கோஸைச் செலவிடுகிறது. ஆகவே, பெரியவர் ஒருவர் காலையில் உண்ணாமல் இருந்து சமாளிப்பதைப் போல் குழந்தையால் சமாளிக்க இயலாது. ஏற்கெனவே போஷாக்குக் குறைந்த குழந்தையாயின் பாதிப்பு இன்னும் அதிகம்.

ஜமைக்கா நாட்டின் கிராமப்புற ஆரம்பப் பள்ளிகளில் நடந்து 1998-ல் வெளியான ஆராய்ச்சியொன்றில், ஒரு பிரிவுக் குழந்தைகளுக்குப் பள்ளியாண்டு முழுவதும் காலை ஆகாரம் அளிக்கப்பட்டது. ஒப்பீட்டிற்காக மற்றொரு பிரிவினருக்கு ஆரஞ்சுப் பழத்தின் சிறு துண்டு மட்டும் அளிக்கப்பட்டது. ஆண்டு முடிவில், ஆகாரம் பெற்றவர்களின் உயரம், எடை, பள்ளி வருகை ஆகியவை சற்று முன்னேறியிருந்தன. அவர்களுள் இளையவர்கள் கணக்கிலும் முன்னேறியிருந்தனர். முன்னேற்றம் பெரிதன்று, ஆனால் ஒரு வேளை ஆகாரத்தால் விளைந்தது என்ற வகையில் அது கருதத்தக்கது.

நம் நாட்டின் நிலை

2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 6 மாதம் முதல் 59 மாதம் வரை வயதுள்ள குழந்தைகளில் 67.1 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்தது. ஐந்து வயதுக்குட்பட்டோரில் 35.5 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். இக்குழந்தைகளே சில ஆண்டுகளில் பள்ளிக்கு வந்து சேருகின்றனர்.

மத்திய அரசின் மதிய உணவுத் திட்டம் 1995 ஆகஸ்டு 15-ல் தொடங்கப்பட்டது. சமைத்த உணவையே அளிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001-ல் ஆணையிட்டது. 2021-ல் இத்திட்டம் பி.எம். போஷண் எனப் பெயர் மாற்றம் பெற்றது. தொடக்க வகுப்புக் குழந்தைக்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமும் இதன்படி அளிக்கப்பட வேண்டும். இது அரிய உதவியே. எனினும் நண்பகலில் வருவது. காலை வேளையைக் குறித்து 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை தனியே பேசுகிறது. சத்துள்ள காலை ஆகாரத்துக்குப் பின் வரும் நேரமே கடினமான பாடங்களுக்கு ஏற்றது என்பதும், சூடான உணவு அளிக்க இயலாத இடங்களில் நிலக்கடலையோ கொண்டைக்கடலையோ வெல்லத்துடன் சேர்த்து, அல்லது உள்ளூர்ப் பழங்களுடன் அளிக்கலாம் என்பதும் அதன் கருத்து. தமிழ்நாட்டில் அரசு தொடக்கப் பள்ளிகளுக்கான காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கப்பட்டது. ஆயினும் நாடு முழுவதையும் நோக்கினால், பெரும்பாலான குழந்தைகளுக்குக் காலை ஆகாரம் இன்னமும் வீட்டின் பொறுப்பாகவே உள்ளது.

தானியமும் பருப்பும்

ஆந்திரத்தின் பெசரட்டு பச்சைப்பயற்றை ஊறவைத்து அரைத்து வார்ப்பது. பெரும்பாலும் அதனுடன் சிறிது அரிசியும் சேரும். கேரளத்தில் புட்டுக்குக் கடலைக்கறி துணை. ஒடிசாவின் சகுளி பிட்டா அரிசியும் உளுந்தும் கலந்தது. குஜராத்தில் கடலைமாவால் டோக்லா அவிப்பர். வெந்தயக்கீரை கலந்து தேப்லா சுடுவர். வட மாநிலங்களில் கடலைமாவைக் கரைத்துச் சில்லா என்னும் அடை வார்ப்பர். மராட்டியத்தில் அவலைத் தாளித்து நிலக்கடலை சேர்த்து, எலுமிச்சை பிழிந்து உண்பர். பீகாரில் வறுத்த கடலையை மாவாக்கி, ஸத்து என்ற பெயரில் நீரில் கரைத்துப் பருகுவர். அஸ்ஸாமில் அவலும் தயிரும் வெல்லமும் சேர்ந்தது காலைச் சிற்றுண்டி.

பெயரும் சுவையும் வேறாயினும், இவற்றுள் பலவற்றில் தானியமும் பருப்பு வகையும் இணைந்திருப்பதைக் காணலாம். இதற்குத் தக்க காரணம் உண்டு. புரதம் என்பது அமினோ அமிலங்கள் பல கோத்த மாலை போன்றது. அரிசி, கோதுமை முதலிய தானியங்களின் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பு வகைகளில் லைசின் மிகுதி. ஆனால் மெத்தியோனின் குறைவு. அந்த மெத்தியோனின் தானியங்களில் போதுமான அளவு உண்டு. ஆகவே இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. மூன்று முதல் ஐந்து பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு என்ற அளவு வீட்டில் நினைவிற் கொள்ளத்தக்கது.

இட்லி மாவு இரவில் புளிப்பதிலும் பயன் உண்டு. லியூக்கோனோஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்ற நுண்ணுயிரே மாவைப் பொங்கச் செய்வதில் முதன்மையானது என 1965-ல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. புளிப்பதால் மாவு எளிதில் சீரணமாகும் தன்மை பெறுகிறது. இரும்பு முதலிய தாதுக்கள் உடலில் சேருவதைத் தடுக்கும் பைட்டேட் என்ற பொருளும் குறைகிறது.

கேழ்வரகும் காலை ஆகாரத்துக்கு மிக ஏற்றது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. தீட்டிய அரிசியிலோ 10 மில்லிகிராம் அளவே. முளைகட்டி, உலர்த்தி, அரைத்த மாவில் கூழ் காய்ச்சினால் அதன் சத்து இன்னும் எளிதில் உடலில் சேரும்.

புளிப்புப் பழமும் தேநீரும்

தானியம், பருப்பு, கீரை ஆகியவற்றிலுள்ள இரும்புச்சத்தில் சிறு பகுதியையே உடல் ஏற்கிறது. அதே வேளையில் வைட்டமின் சி உள்ள பொருளை உண்டால், ஏற்கும் அளவு கூடுகிறது. எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஆகியவை இதற்கு உகந்தவை. அவலின் மேல் எலுமிச்சை பிழியும் வழக்கம் சுவைக்கு மட்டுமன்றி இரத்தத்துக்கும் நல்லது. வைட்டமின் சி கொதியில் அழியக்கூடியது. ஆகவே அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே எலுமிச்சைச் சாற்றைச் சேர்க்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான செயலைத் தேநீர் செய்கிறது. அதிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்புச்சத்தைப் பற்றிக்கொண்டு, உடலில் சேரவிடாமல் தடுக்கிறது. இன்று பல வீடுகளில் ஒரு குவளைத் தேநீரும் நான்கு பிஸ்கட்டும் குழந்தையின் காலை ஆகாரமாகிவிட்டன. மைதாவும் சர்க்கரையும் கொழுப்பும் மிகுந்த பிஸ்கட் பசியைச் சற்று நேரம் மறைக்கும்; உடல் வளர்ச்சிக்கு அதனால் கிடைப்பது சொற்பம். தேநீரை நிறுத்திப் பாலோ மோரோ கேழ்வரகுக் கூழோ கொடுப்பது ஊழியர் சொல்லத்தக்க முதல் மாற்றம்.

அடுப்பு மூட்ட நேரமில்லாத வீடு

அறுவடைக் காலத்தில் பெண்கள் விடியுமுன் வயலுக்குச் சென்றுவிடுகின்றனர். அத்தகைய தாயிடம் சத்துணவு குறித்து நீண்ட உபதேசம் செய்வதில் பயனில்லை. வாரம் ஒரு முறை தயாரித்து வைக்கக்கூடிய மாவே அவளுக்கு உதவும்.

ஐதராபாத் கலவை எனப் பெயர் பெற்ற சத்துமாவு இவ்வகையைச் சேர்ந்தது. ஒரு குழந்தைக்கு ஒரு வேளைக்கு வறுத்த கோதுமை 40 கிராம், வறுத்த கடலை 16 கிராம், வறுத்த நிலக்கடலை 10 கிராம், வெல்லம் 20 கிராம் என்பது அதன் அளவு. இதில் சுமார் 330 கலோரியும் 11 கிராம் புரதமும் உண்டு. பத்து வேளைக்கு வேண்டுமாயின் ஒவ்வோர் அளவையும் பத்தால் பெருக்கிக்கொண்டு, தானியத்தையும் கடலைகளையும் தனித்தனியே வறுத்து, ஆறிய பின் பொடித்து, ஈரமில்லாத மூடியுள்ள பாத்திரத்தில் வைக்கலாம். வெல்லத்தை உண்ணும் வேளையில் சேர்ப்பது நன்று. காலையில் காய்ச்சி ஆறிய நீரிலோ பாலிலோ பிசைந்து, உருண்டை பிடித்துக் கொடுத்தால் போதும், அடுப்பு வேண்டியதில்லை.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பூசணம் பிடித்த, சுருங்கிய, கசக்கும் நிலக்கடலையை முற்றாக நீக்கிவிட வேண்டும். அப்பூசணத்தில் அப்ளடாக்சின் என்ற நச்சுப்பொருள் உண்டாகலாம். வறுப்பதனால் அது முழுதும் அழிவதில்லை. சிறு குழந்தைகளுக்கு முழுக் கடலையைக் கொடுக்கலாகாது, மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். நிலக்கடலையோ பாலோ ஒவ்வாத குழந்தைகளும் சிலர் உண்டு. இதையும் பெற்றோரிடம் கேட்டறிதல் அவசியம்.

விரும்பி உண்ணச் செய்தல்

எத்தகைய சத்து இருப்பினும், தட்டில் மிஞ்சும் உணவால் குழந்தைக்குப் பயனில்லை. புதிய உணவைக் குழந்தை முதல் தடவை மறுப்பது இயல்பு. வற்புறுத்தினால் வெறுப்பு வளரும். ஒரு வாயளவு மட்டும் வைத்து, ஒன்றும் சொல்லாமல் சில நாட்கள் இடைவிட்டு எட்டு, பத்துத் தடவை கொடுத்து வந்தால், பெரும்பாலான குழந்தைகள் அதை ஏற்கத் தொடங்குகின்றனர். பெரியவர்களும் அதே உணவை உடனிருந்து உண்பது பெரிய தூண்டுதல்.

வண்ணமும் வடிவமும் குழந்தையைக் கவரும். இட்லி மாவில் பீட்ரூட் சாறு கலந்தால் இளஞ்சிவப்பு இட்லியும், அரைத்த கீரை கலந்தால் பச்சை இட்லியும் கிடைக்கும். கேரட்டைத் துருவி அடையின் மேல் தூவலாம். முருங்கைக்கீரையைத் தனியே கொடுத்தால் ஒதுக்கும் குழந்தை, கடலைமாவு அடையில் கலந்து கொடுத்தால் உண்ணும். சிறு கிண்ணத்தில் அவித்த குட்டி இட்லிகளைத் தானே எண்ணி எடுத்துக்கொள்ளச் சொன்னால், கூட்டலும் கழித்தலும் சாப்பாட்டுடன் சேர்ந்து நடைபெறும். சாயப்பொடிகளை மட்டும் விலக்க வேண்டும்.

தன் கையால் ஆக்கியதைக் குழந்தை மறுப்பதில்லை என்பது அனுபவம். வகுப்பில் பச்சைப்பயறு முளைகட்டுதல் இதற்கு எளிய பாடம். பயற்றைக் கழுவி இரவு முழுவதும் ஊறவைத்து, நீரை வடித்து, ஈரத்துணியில் முடிந்து தொங்கவிட வேண்டும். துணி உலராமல் அவ்வப்போது நீர் தெளித்து வந்தால் ஒரு நாளில் முளை தலைகாட்டும். உலர்ந்த பயற்றில் ஏறக்குறைய இல்லாத வைட்டமின் சி, முளைக்கும்போது உண்டாகிறது. முளைவிட்ட பயற்றை இளஞ்சூட்டில் சிறிது நேரம் ஆவியில் அவித்து, உப்பும் எலுமிச்சையும் சேர்த்துப் பகிர்ந்தளிக்கலாம். விதை முளைத்தல் பற்றிய விஞ்ஞான பாடமும் அன்றே முடிந்துவிடும்.

ஆசிரியரும் ஊழியரும் செய்யக்கூடியவை

காலையில் உண்ணாதவர் யார் என்று வகுப்பில் கையுயர்த்தச் சொல்வது தவறு. பசியோடு வந்த குழந்தை வெட்கத்தால் பொய் சொல்லும். தனியே, அன்பாக, ‘இன்று என்ன சாப்பிட்டாய்?’ என்று கேட்டால் உண்மை தெரியவரும். ஒரே குழந்தை அடிக்கடி உண்ணாமல் வருமாயின், வீட்டுக்குச் சென்று காரணத்தை அறிய வேண்டும். தானியம் இல்லாத வீட்டுக்கு வேண்டிய உதவி வேறு; நேரம் இல்லாத வீட்டுக்கு வேண்டிய உதவி வேறு. முன்னதைப் பொது விநியோகக் கடைக்கும் அங்கன்வாடிக்கும் வழிகாட்ட வேண்டும். பின்னதற்குச் சத்துமாவு செய்முறையைக் காட்டித் தர வேண்டும். வெளிறிய முகமும் ஓயாத சோர்வும் உள்ள குழந்தையை ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு அனுப்புவது அவசியம். குடற்புழுவும் இரத்தசோகைக்குக் காரணமாகலாம்.

தாய்மார் கூட்டத்தில் புதுமையான பண்டங்களைப் பட்டியலிடுவதைவிட, அந்த ஊரில் வழக்கமாக உண்ணும் ஆகாரத்தையே எடுத்துக்கொண்டு அதில் ஒன்றைச் சேர்க்கச் சொல்வது மேல். வெறும் ரொட்டி உண்ணும் இடத்தில் கடலைமாவு; வெறும் கஞ்சி குடிக்கும் இடத்தில் ஒரு கைப்பிடி பயறு; பயறு ஏற்கெனவே இருக்கும் இடத்தில் கீரை; இவையெல்லாம் உள்ள வீட்டில் ஒரு துண்டு கொய்யா. ஒரு மாற்றம் பழகிய பின் அடுத்ததைச் சொல்லலாம். செலவும் உழைப்பும் மிகாத மாற்றமே வீட்டில் நிலைக்கும். அதன் பயனை முதலிற் காண்பவர், காலை முதற்பாடம் நடத்தும் ஆசிரியரே.