கொரியாவிலும் 'அப்பா'தானா?

கொரியத் தொடரில் ஒரு பிள்ளை "அப்பா!" என்று கூப்பிட்டால் மதுரை வீடுகளில் சிரிப்பு எழும். அம்மாவுக்கு அங்கே 'ஒம்மா'. உடனே யாராவது, "அவங்களும் நம்ம சனந்தான்டா" என்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். சீனத்திலும் ரஷ்யத்திலும் ஆப்பிரிக்காவின் சுவாகிலியிலும் அம்மாவுக்கு 'மாமா'. சுவாகிலி அப்பா 'பாபா'. இத்தனை பேரும் நமக்குப் பங்காளிகளா என்ன?

காரணம் உறவில் இல்லை, வாயில் இருக்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு 'ம்ம்ம்' என்று இழுத்துப் பாருங்கள். ஒலி நின்றுவிடும். 'ம' சொல்ல உதடுகள் மூடும், காற்று மூக்கு வழியே போகும். 'ப' சொன்னால் அதே உதடுகள் திறந்து காற்று வெடித்து வரும். இவ்விரண்டும் உதடு சேர்வதால் பிறப்பவை என்று தொல்காப்பியமே சொல்லியிருக்கிறது. பல் முளைக்காத பிள்ளைக்கும் இது கைவந்த வேலை. 'ழ'வுக்கு அது சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். நம் பக்கத்து 'ஆத்தா'வில் வரும் 'த'வும் மழலையில் சீக்கிரமே வந்துவிடும்.

அம்மாவுக்கு ஏன் 'ம'? மொழியியலாளர் ரோமன் யாக்கோப்சன் 1960-இல் வெளியான கட்டுரையில் இதை விளக்கினார். பால் குடிக்கும்போது வாய் அடைபட்டிருப்பதால் மூக்கால்தான் முனக முடியும். பசி வந்தாலும் அதே முனகல். ஓடி வருவது யார்? மர்டாக் என்ற மானிடவியலாளர் பல மொழிகளிலிருந்து திரட்டிய 1,072 சொற்களையும் யாக்கோப்சன் சான்று காட்டினார். அம்மாவைக் குறிக்கும் சொற்களில் நூற்றுக்கு 55-இல் ம, ந போன்ற மூக்கொலிகள் இருந்தன. அப்பாவைக் குறிப்பவற்றில் 15-இல் மட்டுமே.

ஆனால் ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா! அம்மா 'தேதா'. நமக்கோ மாமா என்றால் அம்மாவின் அண்ணன் அல்லது தம்பி. பிள்ளை எதையோ உளறுகிறது, பொருளை ஒட்டுவதெல்லாம் பெரியவர்கள்தான்.

அதனால் மொழிகளின் உறவைத் தேடுபவர்கள் மழலைச் சொற்களை நம்புவதில்லை. கண், மூன்று போன்றவற்றைப் பார்ப்பார்கள். தெலுங்கில் கன்னு, மூடு. கன்னடத்தில் கண்ணு, மூரு. உறவு தெரிகிறதா? கொரியத்தில் கண் 'நுன்', மூன்று 'செத்'.

மதுரையில் சௌராஷ்டிரம் பேசும் நண்பர்கள் உங்களுக்கு இருப்பார்கள். குஜராத்திக்கும் மராத்திக்கும் உறவான மொழி அது. கண், காது, ஒன்று, இரண்டு, மூன்றுக்கு அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு, தமிழுக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அம்மாவையும் அப்பாவையும் மட்டும் அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.