தண்ணீர் போன வழி
குழாய் ரிப்பேருக்கு வந்தவர் கண்டுபிடித்த ரகசியம்

நாமக்கல்லில் ஒரு மாடி வீடு. கீழே வீட்டுக்காரர் குடும்பம். மேலே ஒரு குடித்தனம். இரண்டு வீட்டுக்கும் மொட்டை மாடியில் ஒரே தண்ணீர்த் தொட்டி. 1,000 லிட்டர் பிடிக்கும்.

காலையில் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்புவார்கள். முன்பெல்லாம் மறுநாள் காலை வரை அது தாராளமாக வந்தது. சில மாதங்களாக வரவில்லை. விடியற்காலையில் குழாயைத் திறந்தால், காற்றுதான் வந்தது!

வீட்டுக்காரருக்குக் கோபம். "நாம் அளந்துதான் புழங்குகிறோம். மாடியில் இருப்பவர்கள்தான் கொட்டித் தீர்க்கிறார்கள்" என்று முடிவு கட்டிவிட்டார்.

மாடியில் ஒரு கைக்குழந்தை இருந்தது. துவைக்கிற துணி அதிகம். சந்தேகப்பட அது போதாதா?

முதலில் ஜாடைப் பேச்சு. பிறகு நேர்ப் பேச்சு. கடைசியில், "அடுத்த மாதம் வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லியே விட்டார்.

மாடி வீட்டுப் பெண் கண் கலங்கினாள். "ஒரு நாளைக்குப் பதினஞ்சு குடத்துக்கு மேல நாங்க புழங்கறதில்லைங்க" என்றாள். யாரும் நம்பவில்லை.

சொட்டும் குழாய்

அந்தச் சமயத்தில் கீழ்வீட்டுச் சமையலறைக் குழாய் சொட்ட ஆரம்பித்தது. வீட்டுக்காரர் இறுக்கித் திருகினார். மேலும் சொட்டியது. பிளம்பரை வரவழைத்தார்கள். ஐ.டி.ஐ.யில் ஓராண்டு குழாய் வேலை படித்த இளைஞர்.

வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "இந்தக் குழாய்க்குத் தண்ணியை நிறுத்தற வால்வு எங்கீங்க?"

வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை! அவரே தேடிப் பிடித்து மூடினார்.

திருகுக் குழாய்க்குள் ஒரு தண்டு இருக்கிறது. அதன் அடியில் ஒரு சின்ன வாஷர். கைப்பிடியைத் திருகினால் தண்டு இறங்கும். வாஷர் தண்ணீர் வரும் துவாரத்தை அடைக்கும். வாஷர் தேய்ந்துவிட்டால், எவ்வளவு இறுக்கினாலும் சொட்டும். பலமாக இறுக்கினால் வாஷர் இன்னும் வெட்டுப்படும். இந்த மாதிரிக் குழாய்க்கு 1845-ல் இங்கிலாந்தின் ராதர்ஹாம் நகரத்துக் கம்பெனி ஒன்று உரிமை பெற்றது. இன்றும் பல வீடுகளில் இருப்பது அதே அமைப்புத்தான்.

புது வாஷர் போட்டதும் சொட்டு நின்றது.

"இதுதான் தொட்டியைக் காலி செய்ததா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

பிளம்பர் கணக்குச் சொன்னார். விநாடிக்கு ஒரு சொட்டு என்றால், ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. நாலு சொட்டு சுமார் ஒரு மில்லி. ஆக, நாளைக்குச் சுமார் 22 லிட்டர். நஷ்டம்தான். ஆனால் அந்தப் பெரிய தொட்டி வற்ற அது போதாது.

"தண்ணி எப்பங்க குறையுது?"

"ராத்திரியில்தான் தம்பி."

"ராத்திரியில மாடியில யாருங்க துணி துவைக்கப் போறாங்க?"

வீட்டுக்காரர் பதில் சொல்லவில்லை.

சொட்டு நீலம் சொன்ன சாட்சி

பிளம்பர் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கேட்டு வாங்கினார். மாடிக் கழிவறையின் பிளஷ் தொட்டியில் சில சொட்டு விட்டார். கீழ்வீட்டுத் தொட்டியிலும் விட்டார். "அரை மணி நேரம் யாரும் தண்ணி திறந்து விடாதீங்க" என்றார்.

அரை மணி கழித்து மாடியில் போய்ப் பார்த்தார்கள். கழிவறைக் கோப்பையில் தண்ணீர் தெளிவாக இருந்தது.

கீழே வந்து பார்த்தார்கள். கோப்பை முழுவதும் நீலம்!

தண்ணீர் போன வழி தெரிந்துவிட்டது. அது வீட்டுக்காரர் வீட்டிலேயே இருந்தது.

பிளஷ் தொட்டியின் அடியில் ஒரு ரப்பர் மூடி உண்டு. அதில் உப்புப் படிந்து கெட்டியாகிவிட்டது. சரியாக மூடவில்லை. தண்ணீர் சத்தமில்லாமல் கோப்பைக்குள் வழிந்தது. தொட்டியில் நீர் குறைந்ததும் மிதவை இறங்கியது. மிதவை இறங்கியதும் புதுத் தண்ணீர் வந்தது. இப்படியே இரவும் பகலும்!

நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி ஒழுகினாலே ஒரு நாளைக்கு 288 லிட்டர். 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்தில் ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 55 லிட்டர் என்று கணக்கு. அப்படிப் பார்த்தால், ஐந்து பேருடைய தண்ணீர் வீணாகப் போயிருக்கிறது.

உப்புத் தண்ணீர்

நாமக்கல் மாவட்டத்தின் ஓரமாகக் காவிரி ஓடுகிறது. பள்ளிபாளையம், பரமத்தி வேலூர், மோகனூர் எல்லாம் ஆற்றங்கரை ஊர்கள். ஆனாலும் பல வீடுகள் போர்த் தண்ணீரையும் நம்பியிருக்கின்றன. போர் போடுவதற்குப் பேர் போன திருச்செங்கோடும் இதே மாவட்டம்தான். அங்கிருந்து கிளம்பும் போர் லாரிகள் வடநாடு வரை போகின்றன.

உப்பு மிகுந்த போர்த் தண்ணீர் காய்ந்த இடத்தில் வெள்ளையாகப் படியும். குழாய் வாயிலும் வாளியிலும் அதைப் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியாமல் வாஷரையும் ரப்பரையும் அதுவே கெடுக்கிறது.

படியேறிய வீட்டுக்காரர்

பிளம்பர் புது ரப்பர் போட்டார். மறுபடி நீலம் விட்டுப் பார்த்தார். கோப்பையில் நிறம் இறங்கவில்லை. பழைய ரப்பரை வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்தார். கேட்ட கூலியை வீட்டுக்காரர் பேரம் பேசாமல் கொடுத்தார்.

பிறகு அந்த ரப்பரோடு மாடிப்படி ஏறினார்.

"தப்பு எங்க வீட்டுலதாம்மா. நீங்க எங்கேயும் போக வேண்டாம்" என்றார்.

அந்தப் பெண் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "உள்ளே வாங்க. காப்பி குடிச்சிட்டுப் போலாம்" என்றாள்.

நீங்கள் செய்ய வேண்டியது

* தண்ணீரை நிறுத்தும் வால்வு எங்கே என்று வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள்.

* படுக்கப் போகும் முன் மாடித் தொட்டியின் நீர்மட்டத்தைப் பாருங்கள். விடிந்ததும் பாருங்கள். யாரும் புழங்காமல் குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது.

* சொட்டும் குழாயை இறுக்கி நெரிக்காதீர்கள். வாஷரை மாற்றுங்கள்.

* வேலை தொடங்கும் முன் கூலியையும் சாமான் விலையையும் பேசிக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

* வேலை முடிந்ததும் வால்வைத் திறந்து, ஒழுகவில்லை என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

உங்கள் வீட்டிலும் தொட்டி சீக்கிரம் வற்றுகிறதா? முதலில் சொட்டு நீலத்தை எடுங்கள். அடுத்த வீட்டார்மீது சந்தேகப்படுவது பிறகு இருக்கட்டும்!