தளபதிக்கு மேலே யார்?

தக்கலை வட்டாரத்தில் பட்டாளத்தில் இருந்து பென்ஷனில் வந்தவர் ஒருவராவது உட்கார்ந்திருக்காத சாயாக்கடை குறைவு. அங்கே சுற்றிச் சுற்றி வரும் கேள்வி ஒன்று உண்டு. "சாதாரண சிப்பாயைக்கூட விசாரிக்காமல் அனுப்பமாட்டார்கள். கடற்படைத் தளபதியையே ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்களே, அது எப்படி?" ராணுவ ஆள் எடுப்புக்காக விடியற்காலையில் ஓடிப் பழகும் பிள்ளைகளும் இதைக் கேட்கிறார்கள். அவர்களுக்காகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

1998 டிசம்பர் 30. கடற்படைத் தளபதி அட்மிரல் விஷ்ணு பகவத் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். சுதந்திர இந்தியாவில் பதவியில் இருக்கும்போதே டிஸ்மிஸ் செய்யப்பட்ட முதல் படைத் தளபதி அவர். இன்றுவரை அப்படி வேறொருவர் இல்லை. அப்போது வாஜ்பாய் பிரதமர், ஜார்ஜ் பெர்னாண்டஸ் பாதுகாப்பு அமைச்சர். கொச்சியில் தென்பிராந்தியக் கடற்படைக்குத் தலைமை வகித்த சுஷில் குமார் டெல்லிக்கு அழைக்கப்பட்டு அன்றே பொறுப்பேற்றார்.

பிரச்சினை ஒரு நியமனத்தில் தொடங்கியது. கடற்படைத் தலைமையகத்தில் 'டெபுடி சீஃப்' என்றொரு பெரிய பதவி. அதற்குக் கடற்படை முன்மொழிந்தது வேறொருவரை. பிரதமர் தலைமையிலான அமைச்சரவை நியமனக் குழு வைஸ் அட்மிரல் ஹரிந்தர் சிங்கைத் தேர்ந்தெடுத்தது. இந்த ஹரிந்தர் சிங் ஏற்கெனவே பகவத்துக்கு எதிராகப் புகார் எழுதியவர். அதில் பகவத்தின் மனைவியையும் இழுத்திருந்தார். அப்படிப்பட்டவரைத் தன் பக்கத்து அறையில் உட்கார வைக்கச் சொன்னால் எந்த மனிதனுக்கும் கசக்கும். ஆனால் பகவத் கசப்பை விழுங்கவில்லை. இந்த நியமனம் கடற்படைச் சட்டத்துக்கும் விதிகளுக்கும் முரண், இதை நடைமுறைப்படுத்த இயலாது என்று அரசுக்கு எழுதினார். அந்த 'இயலாது' என்ற நிலையிலிருந்து அவர் இறங்கி வரவில்லை. அதுவே அவர் பதவியைப் பறித்தது.

இனி சட்டத்துக்கு வருவோம். தக்கலையில் இருக்கும் கல்குளம் தாலுகா ஆபீசில் ஒரு தாசில்தாரை டிஸ்மிஸ் செய்ய வேண்டுமென்றால், குற்றச்சாட்டை எழுதிக் கொடுக்க வேண்டும், அவர் பதிலைக் கேட்க வேண்டும், விசாரிக்க வேண்டும். அரசியலமைப்பின் 311வது பிரிவு அவருக்குக் கொடுக்கும் காப்பு அது. ராணுவத்தில் இருப்பவருக்கு அந்தக் காப்பு கிடையாது. 310வது பிரிவின்படி, குடியரசுத் தலைவர் விரும்பும்வரைதான் அவர் பதவியில் இருப்பார். 1957ஆம் ஆண்டின் கடற்படைச் சட்டத்தில் 15வது பிரிவும் இதையே சொல்கிறது. சிப்பாயை நீக்குவதற்கு விதிகளில் நடைமுறைகள் இருப்பது உண்மை. ஆனால் அரசியலமைப்பு தரும் காப்பு சிப்பாய்க்கும் இல்லை, அட்மிரலுக்கும் இல்லை. முப்படைகளின் தலைமை குடியரசுத் தலைவரிடம் இருக்கிறது. அவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பவர். அமைச்சரவை மக்களவைக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த மக்களவைக்கு ஆள் அனுப்புவது குளச்சலில் வலை இழுப்பவரும், தக்கலையில் ரப்பர் பால் வெட்டுபவரும், நீங்களும் நானும். கட்டளைச் சங்கிலி தளபதியின் நாற்காலியோடு முடிவதில்லை. அதற்கு மேலும் கண்ணிகள் இருக்கின்றன. அங்கே இருப்பவர்கள் சீருடை போட்டவர்கள் இல்லை.

அப்படியானால் மேலிருந்து எதைச் சொன்னாலும் 'சரி சார்' என்று செய்துவிட வேண்டுமா? வேண்டாம். 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம், 41வது பிரிவில், கட்டளையை மீறுவதற்குப் பதினான்கு ஆண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கிறது. ஆனால் அந்தப் பிரிவு பேசுவது சட்டப்படியான கட்டளையைப் பற்றி. கைதியை நிற்கவைத்துச் சுடு என்று மேலதிகாரி சொன்னால், அது கட்டளையே அல்ல. அங்கே மறுப்பதுதான் கடமை. எனக்குப் பிடிக்காத ஆளை எனக்குக் கீழே போட்டுவிட்டார்கள் என்பது அந்த வகையைச் சேராது. விதிக்கு முரண் என்று பகவத் நினைத்திருக்கலாம். அவர் வாதத்தில் நியாயமும் இருந்திருக்கலாம். ஆனால் கட்டளை பெற்றவரே நீதிபதியாகவும் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தால், அடுத்த படியில் நிற்பவரும் அதையே செய்வார். எழுத்தில் ஆட்சேபிக்கலாம், அதை அவர் செய்தார். அதன்பிறகும் அரசு பிடிவாதமாக நின்றால் இரண்டு வழிகள்தான்: நிறைவேற்றுவது, அல்லது விலகுவது.

விலகிக் காட்டிய முன்னுதாரணமும் நம்மிடம் இருக்கிறது. 1959 ஆகஸ்ட் கடைசியில் ராணுவத் தளபதி ஜெனரல் திம்மையா, பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனோடு ஒத்துப்போக முடியாமல் ராஜினாமா கடிதம் கொடுத்தார். நேரு சமாதானம் சொன்னார், திம்மையா திரும்பப் பெற்றுக்கொண்டார். பிறகு நாடாளுமன்றத்தில் நேரு, ராணுவத்துக்கு மேலே மக்களாட்சி அதிகாரம்தான் என்று அழுத்திச் சொன்னார். திம்மையாவை எல்லார் முன்னாலும் குறைத்துப் பேசியது நேருவின் தவறு என்பது என் எண்ணம். ஆனால் திம்மையா எடுத்த வழி சரியான வழி.

சமீபத்தில் சாயாக்கடைகளில் இன்னொரு வழக்கும் அடிபட்டது. குதிரைப்படைப் பிரிவு ஒன்றின் கிறிஸ்தவ லெப்டினன்ட், தன் வீரர்களோடு ரெஜிமெண்டின் கோயிலுக்கும் குருத்வாராவுக்கும் போனார். ஆனால் கருவறைக்குள் நுழைய மறுத்தார். 2021இல் பென்ஷனும் கிராஜுவிட்டியும் இல்லாமல் நீக்கப்பட்டார். 2025 மே மாதம் டெல்லி உயர்நீதிமன்றமும், நவம்பரில் உச்ச நீதிமன்றமும் நீக்கத்தை உறுதி செய்தன. இங்கே கேள்வி மத சுதந்திரம் பற்றியதல்ல, சட்டப்படியான கட்டளைக்குக் கீழ்ப்படிந்தாரா என்பதுதான் என்றது உயர்நீதிமன்றம். கோயிலும் பள்ளிவாசலும் சர்ச்சும் தோளோடு தோள் நிற்கும் நம் மாவட்டத்தில் இது பலரை உறுத்தியது. என்னையும் உறுத்தியது. கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, தண்டனை கடுமை என்றே நினைக்கிறேன். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். அந்த லெப்டினன்டுக்குக் காரணம் கேட்கும் நோட்டீஸ் வந்தது. அட்மிரலுக்கு அதுகூட வரவில்லை.

அரசின் தவறு இங்கேதான். நீக்கும் அதிகாரம் அதற்கு இருந்தது, நீக்கவும் காரணம் இருந்தது. ஆனால் குற்றச்சாட்டை எழுதிக் கொடுக்கவில்லை, பதில் சொல்ல வாய்ப்பளிக்கவில்லை. காரணம் கேட்ட நாட்டுக்குப் பேட்டிகளும் எதிர்ப் பேட்டிகளும்தான் கிடைத்தன. சொல்லாமல் விட்ட காரணம் அரசியலுக்குள் புகுந்தது. பகவத்தைத் திரும்ப அமர்த்த வேண்டும், பெர்னாண்டஸை அந்தத் துறையிலிருந்து மாற்ற வேண்டும், நாடாளுமன்றக் கூட்டுக் குழு விசாரிக்க வேண்டும் என்று ஜெயலலிதா கேட்டார். கேட்டது நடக்காமல் ஆதரவை விலக்கினார். 1999 ஏப்ரல் 17 அன்று ஒரே ஓட்டில் வாஜ்பாய் அரசு விழுந்தது. அதற்குப் பின்னால் வேறு கணக்குகளும் உண்டு என்றாலும், ஓர் அட்மிரலின் நீக்கம் அதில் ஒரு கல்.

இத்தனை சத்தத்துக்கு நடுவிலும் எந்தக் கப்பலும் கட்டளையை மறுக்கவில்லை. பகவத் வாதாடினார், பேசினார், எழுதினார். ஆனால் படையைக் கூப்பிடவில்லை. அடுத்த சில மாதங்களில் கார்கில் போர் வந்தபோது, புதிய தளபதியின் கீழ் கடற்படை அரபிக்கடலில் தன் வேலையைச் செய்தது. அதே 1999 அக்டோபர் 12 அன்று பாகிஸ்தானில் நடந்ததை இதோடு வைத்துப் பாருங்கள். பிரதமர் நவாஸ் ஷெரீப், கொழும்பிலிருந்து விமானத்தில் திரும்பிக்கொண்டிருந்த ராணுவத் தளபதி முஷாரஃபை நீக்கினார். ராணுவம் அதை ஏற்கவில்லை. இரவுக்குள் பிரதமர் காவலில் இருந்தார். தளபதி 2008 வரை நாட்டை ஆண்டார்.

நம் மண்ணுக்கும் இந்தப் பாடம் தெரியும். தக்கலையிலிருந்து நாகர்கோவில் போகும் வழியில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. 1741இல் குளச்சலில் தோற்று, பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படையைப் பழக்கிய டச்சுக்காரர் டிலனாயின் கல்லறை அதற்குள்ளே இருக்கிறது. அவர் கட்டுப்பாட்டுக்குப் பழக்கிய திருவிதாங்கூர் படை, அவர் இறந்து முப்பது வருடம் ஆவதற்குள், 1804இல், படிப்பணத்தைக் குறைத்தார் என்று திவான் வேலுத்தம்பியை நீக்கச் சொல்லிக் கிளர்ந்தது. அவர் வேறு யாருமில்லை, பக்கத்துத் தலக்குளத்துக்காரர். கொச்சிக்குத் தப்பிப் போன அவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவியோடு கிளர்ச்சியை அடக்கினார். வீரர்களின் வயிற்றெரிச்சல் பொய் இல்லை. ஆனால் விலை என்ன? 1805 உடன்படிக்கையில் திருவிதாங்கூர் ஆண்டுக்கு எட்டு லட்சம் ரூபாய் கட்ட ஒப்புக்கொண்டது. ஆட்சியில் தலையிடவும் கம்பெனிக்கு வழி திறந்தது.

கீழ்ப்படிதலை இவ்வளவு கேட்கும் நாடு, பதிலுக்கு ஒன்றைக் கொடுக்க வேண்டும். 2007இல் ராணுவத் தீர்ப்பாயச் சட்டம் வந்தது. சென்னையிலும் கொச்சியிலும் அதன் அமர்வுகள் இருக்கின்றன. ஆனால் 'குடியரசுத் தலைவரின் விருப்பம்' என்ற பெயரில் நீக்கப்பட்டவர் அந்தத் தீர்ப்பாயத்தின் படி ஏற முடியாது. அந்தச் சட்டமே அவ்வகை உத்தரவுகளைத் தனியாக விலக்கி வைத்திருக்கிறது. உயர்நீதிமன்றத்தில் ரிட் போடுவதுதான் மிச்சம். இந்த விலக்கை எடுக்க வேண்டும். தளபதியை நீக்கும் அதிகாரம் அமைச்சரவையிடமே இருக்கட்டும், அதில் கை வைக்க வேண்டாம். காரணத்தை எழுத்தில் அவரிடம் கொடுக்கவும், நாடாளுமன்றத்தில் வைக்கவும் சட்டம் கட்டாயப்படுத்தட்டும். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரிடம், பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்பிய வீட்டுக்காரர்கள் இதையும் கேளுங்கள்.