லொறிக்குப் பெரிய ஆல்டர்னேற்றர் பூட்டுமுன்

சென்ற மாத உரைக்குப் பிறகு நாலைந்து பேர் தொலைபேசி எடுத்து ஒரே விசயத்தைக் கேட்டார்கள்: "அண்ணை, அந்த வயர்க் கணக்கைத் திரும்ப ஒருக்காச் சொல்லுங்கோ." ஆகவே அதை இங்கே எழுத்தில் தருகிறேன்.

நான் இருப்பது ஸ்ட்ராத்ஃபீல்டில். விடியப்புறம் ஃபிளெமிங்ரன் சந்தையில் மரக்கறி ஏற்றி, ஹோம்புஷ், வென்ற்வேர்த்வில் பக்கத்துக் கடைகளில் இறக்குவது என் தொழில். என்னுடையது 12 வோல்ற் லொறி. அதில் வந்தது 60 அம்பியர் ஆல்டர்னேற்றர். பின்னால் சாமான் தூக்கும் டெயில் லிஃப்ற் பூட்டிய பிறகுதான் கரைச்சல் தொடங்கியது. ஒரே வருடத்தில் இரண்டு பற்றரி மாற்றினேன்.

பற்றரியில் பிழை இல்லை, கணக்கில்தான் பிழை. லிஃப்ற் மோட்டர் ஒரு தரம் தூக்க ஏறத்தாழ 150 அம்பியர் வீதம் அரை நிமிடம் இழுக்கும். அது ஒன்றேகால் அம்பியர்-மணி. இருபது தரம் தூக்கினால் 25 அம்பியர்-மணி போய்விடும். விளக்கு, ஹீற்றர் விசிறி, துடைப்பான், குளிர்ப்பெட்டி விசிறிகள் எல்லாம் சேர்ந்து இன்னொரு 35 அம்பியர். கடைக்குக் கடை ஐந்து நிமிட ஓட்டத்தில் இதை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சில்லில் உரச விட்டு, பெடலைக் கையால் சுற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள் எங்களில் பலர். 6 வோல்ற், 3 வாற், அரை அம்பியர்தான். கை களைத்து மெல்லச் சுற்றினால் செய்தி மங்கிப்போகும். லைற்றைக் கொழுவினால் பெடல் பாரமாகும். லொறியிலும் நடப்பது இதுதான். (சைக்கிள் டைனமோ என்று நாங்கள் சொன்னதும் உண்மையில் ஒரு குட்டி ஆல்டர்னேற்றர்தான், அதிலிருந்து வருவது ஆடலோட்டம்.)

மெல்லச் சுற்றினால் மங்கும் என்பதை முதலில் பாருங்கள். பெட்டியில் 130 அம்பியர் என்று எழுதியிருப்பது ஆல்டர்னேற்றர் நிமிடத்துக்கு 6000 தரம் சுற்றும்போது வருவது. சந்தை வரிசையில் எஞ்சின் ஐடிலில் நிற்கையில் அது 1800 அளவில்தான் சுற்றும். பாதிகூட வராமல் போகலாம். வாங்கும்போது "ஐடிலில் எவ்வளவு?" என்று கேளுங்கள். 130 என்று எழுதிய இரண்டில் ஒன்று ஐடிலில் நல்லாகவும் மற்றது மோசமாகவும் இருக்கும்.

நான் இதைக் கேட்கவில்லை. ஒரு கராஜில் 130 ஐப் பூட்டுவித்தேன். "வயர் மாத்தத் தேவையில்லை" என்றார்கள். பழைய ஃபியூஸ் தாங்காது என்று பெரிய ஃபியூசும் போட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள் பரமற்றா வீதியில் பிளாஸ்ரிக் கருகும் மணம். பள்ளி விடுமுறை, மகன் பக்கத்தில் இருக்கிறான். நிறுத்தி, அவனை நடைபாதையில் இறக்கிவிட்டுப் பார்த்தால் வயரின் மேலுறை உருகி இரும்போடு ஒட்டியிருந்தது. ஃபியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற. வயரை விட்டுவிட்டு அதை மட்டும் பெருப்பித்தால் காவல்காரனை வீட்டுக்கு அனுப்பியது போல.

இப்போது அந்த வயர்க் கணக்கு. 8 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர், இரண்டு மீற்றர் நீளம். 60 அம்பியர் ஓடினால் அதில் சுமார் 15 வாற் வெப்பம். 120 ஓடினால் 30 அல்ல, 62 வாற். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நாலு மடங்கு. அத்தோடு வழியிலேயே அரை வோல்ற் தொலைகிறது. பற்றரிக்குப் போய்ச் சேர வேண்டிய 14.2 அங்கே 13.7 ஆகிறது. ஆல்டர்னேற்றர் பெரிது, பற்றரி பட்டினி! 35 சதுர மில்லிமீற்றர் வயரில் அதே 120 க்கு வெப்பம் 14 வாற்தான். எஞ்சினிலிருந்து சசிக்கும், சசியிலிருந்து பற்றரிக்கும் போகும் எர்த் வயரையும் அப்படியே தடிப்பாக்க வேண்டும். அதை முக்கால்வாசிப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

பெல்ற்றையும் பாருங்கள். 120 அம்பியர் எடுக்க எஞ்சின் சுமார் 4 குதிரைவலு கொடுக்க வேண்டும். ஒற்றை ஒடுங்கிய பெல்ற் வழுக்கிக் கீச்சிடும்.

"பெரிசாப் போட்டா பற்றரி வெடிக்காதோ?" என்று ஒரு தங்கச்சி கேட்டார். ரெகுலேற்றர் ஒழுங்காக இருந்தால் வோல்ற் கூடாது. பொருட்கள் கேட்கிற அளவுதான் அம்பியர் ஓடும். 130 ஐயும் யாரும் உள்ளே தள்ளுவதில்லை.

காசு செலவழிக்குமுன் இருபது டொலர் மீற்றர் ஒன்றால் பாருங்கள். எஞ்சினை நிறுத்திச் சில மணிநேரம் கழித்து 12.6 அளவும், ஓடும்போது 13.8 முதல் 14.4 வரையும் காட்ட வேண்டும். எல்லாவற்றையும் போட்டு ஐடிலில் 13 க்குக் கீழே விழுந்தால் குறை இருக்கிறது. ஆனாலும் உடனே கடைக்கு ஓடவேண்டாம். என் மச்சானின் வானில் எர்த் முனையைச் சுரண்டித் துப்புரவாக்கியதோடு எல்லாம் சரி. கை வைக்குமுன் பற்றரியின் நெகற்றிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். ஆல்டர்னேற்றரின் தடித்த வயரில் எஞ்சின் நின்றாலும் மின் இருக்கும்.

புதிய வாகனங்கள் பலவற்றில் ஆல்டர்னேற்றரை எஞ்சின் கணினியே கட்டுப்படுத்துகிறது. அவற்றில் கண்டபடி மாற்றாமல், ஓட்டோ எலெக்ற்றீசியன் ஒருவரிடமே கொடுங்கள். நானும் கடைசியில் அப்படித்தான் செய்தேன். இப்போது எல்லாம் போட்டபடி ஐடிலில் 13.6 நிற்கிறது.