எண் வந்தால் போதுமா?
1979-ல் மோடிகான் நிறுவனம் வெளியிட்ட மோட்பஸ் தொடர்பு நெறிமுறை இன்றும் ஆலைகளில் ஓடுகிறது. கன்ட்ரோலரின் சாதனப் பட்டியலில் இல்லாத மீட்டரைச் சேர்க்க, ஸ்லேவ் எண், ரெஜிஸ்டர் முகவரி, தரவு வகை எல்லாவற்றையும் நாமே நிரப்ப வேண்டும். அப்போது, எண் வந்துவிட்டதாலேயே அது சரியான அளவு என்று நம்பிவிடக் கூடாது. 32 பிட் ஃப்ளோட் எண்ணுக்கு 16 பிட் ரெஜிஸ்டர்கள் இரண்டு தேவை. எது முதலில் என்று நெறிமுறை சொல்வதில்லை. வரிசை மாறினால் 25 டிகிரி திரையில் 0 ஆகிவிடும். இதுவாவது கண்ணில் படும். முகவரிப் பிழை அப்படியல்ல. கையேட்டில் 40001 என்றிருக்கும் முகவரி கம்பியில் 0 என்றே போகும். ஒன்று பிசகினால் பக்கத்து ரெஜிஸ்டரின் எண், நம்பும்படியாகவே வந்து உட்காரும்.

சிஆர்சி சோதனை இருக்கிறதே என்பார்கள். அது வழியில் பிட் சிதைந்ததா என்று மட்டுமே பார்க்கும். ஆகவே மீட்டர் முகப்பையும் திரையையும் இரண்டு வெவ்வேறு அளவுகளிலாவது ஒப்பிட்ட பிறகே கட்டுப்பாட்டை ஆட்டோவுக்கு மாற்றுங்கள்.