காயமும் காகிதமும்

போர்க்களத்தில் காட்டிய வீரத்துக்குப் பரிசும் பட்டயமும் வழங்குவது எல்லா நாடுகளிலும் தொன்றுதொட்டு இருந்துவரும் வழக்கம். ஆனால் தனிப்பட்ட வீரச்செயல் எதுவும் புரியாவிடினும், பகைவனால் காயமுற்றான் என்ற ஒரே காரணத்துக்காகச் சிப்பாய்க்குப் பதக்கம் அளிப்பது அவ்வளவு பழைய முறையன்று. மார்பில் பட்ட காயத்துக்கு ‘விழுப்புண்’ என்று தனிப்பெயரே சூட்டிப் போற்றிய தமிழருக்கு இந்தக் கருத்து புதிதாகத் தோன்றாது. எனினும் சர்க்கார்கள் இதனை ஏற்க வெகுகாலம் ஆயிற்று. பிரிட்டிஷ் சேனை 1916-இல் காயமுற்றோருக்குச் சட்டைக் கையில் தைத்துக்கொள்ளப் பொன்னிறப் பட்டை ஒன்றை அளித்ததேயன்றிப் பதக்கம் அளிக்கவில்லை. நமது பாரத சர்க்கார் 1973-இல்தான் காயத்துக்கெனப் பதக்கம் ஒன்றை ஏற்படுத்தியது. ‘பராக்கிரம பதக்’ என்பது அதன் ஹிந்திப் பெயர்.

இவ்வகைப் பதக்கங்களுள் உலகப் புகழ் பெற்றது அமெரிக்காவின் ‘பர்ப்பிள் ஹார்ட்’, அதாவது ஊதா இருதயம். போர் முடிந்து ஐம்பது, அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னரும் அதனைக் கோரி அந்நாட்டு முதியவர்கள் மனுச் செய்து வந்திருக்கிறார்கள். உடலில் வடு இருந்தும் பதக்கம் கிடைக்காமல் அவர்கள் பட்ட பாடு, படைவீரரைப் பெற்ற எந்தக் குடும்பமும் அறியத் தக்கது.

பதக்கத்தின் வரலாறு

அமெரிக்கச் சுதந்தரப் போரின் இறுதியில், 1782-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் தேதி, தளபதி ஜார்ஜ் வாஷிங்டன் நியூபர்க் என்னும் ஊரிலிருந்து ஓர் ஆணை பிறப்பித்தார். சிறந்த செயல் புரிந்த சாதாரணச் சிப்பாய்கள், இருதய வடிவில் வெட்டிய ஊதா நிறத் துணியைத் தங்கள் இடது மார்பில் அணிந்துகொள்ளலாம் என்பது அதன் சாரம். அவர்கள் பெயர்களை ஒரு தனிப் புத்தகத்தில் பதிய வேண்டும் என்றும் அவர் பணித்தார். அந்தப் புத்தகம் பிற்காலத்தவர் கைக்குக் கிட்டவேயில்லை. அந்தச் சின்னத்தைப் பெற்றவர்களாக இன்று உறுதியாகத் தெரிபவர்கள் மூன்று சார்ஜெண்டுகளே. காகிதம் காணாமற் போகும் கதை அன்றே தொடங்கிவிட்டது எனலாம்.

வாஷிங்டனின் 200-வது பிறந்த நாளான 1932 பிப்ரவரி 22-இல், அப்போது சேனைத் தலைவராயிருந்த ஜெனரல் டக்ளஸ் மக்கார்தர் இப்பதக்கத்துக்குப் புத்துயிர் அளித்தார். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல், இது காயமுற்றோருக்கும் பகைவரால் உயிர் நீத்தோருக்கும் மட்டுமே உரியதாயிற்று.

மற்றப் பதக்கங்களுக்கு மேலதிகாரி ஒருவர் சிபாரிசு செய்ய வேண்டும். ஊதா இருதயத்துக்குச் சிபாரிசு தேவையில்லை. நிபந்தனைகள் பொருந்தினால் அது காயமுற்றவரின் உரிமை. நிபந்தனைகள் மூன்று. காயம் பகைவரின் செயலால் நேர்ந்திருக்க வேண்டும். மருத்துவச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு அது இருக்க வேண்டும். அந்தச் சிகிச்சை பதிவேட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். முதல் இரண்டும் வீரனின் உடம்பைப் பொறுத்தவை. மூன்றாவது பிறர் கைப் பேனாவைப் பொறுத்தது. மனுக்கள் பெரும்பாலும் இந்த மூன்றாவதில்தான் தடுக்கி விழுகின்றன.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்மீது படையெடுக்க நேரிடும் என்று எதிர்பார்த்து, அமெரிக்க சர்க்கார் ஏராளமான பதக்கங்களை முன்கூட்டியே செய்து வைத்தது. படையெடுப்பு நிகழவில்லை. போர் முடிந்தபோது சுமார் 5 லட்சம் பதக்கங்கள் மிஞ்சின. கொரியப் போருக்கும் வியட்நாம் போருக்கும் பின்னரும் அந்த இருப்பு தீரவில்லை. ஆகவே பதக்கத்துக்குப் பஞ்சம் இருந்ததில்லை, பஞ்சமெல்லாம் காகிதத்துக்கே.

எழுதப்படாத காயங்கள்

குண்டு மழை பொழியும் களத்தில் மருத்துவ உதவிச் சிப்பாய் ஓடி வந்து கட்டுப் போடுவான். அடுத்தவனை நோக்கி ஓடுவான். குறிப்பு எழுத அவனுக்கு அவகாசம் ஏது? மாலைக்குள் அவனே மாண்டும் போகலாம். காயம் பட்டவனோ, தோழர்களை விட்டுப் பிரிய மனமின்றி ஆஸ்பத்திரிக்குப் போகாமலே களத்தில் நின்றுவிடுவான். ஊர் திரும்பியதும், உயிரிழந்தவர்களை எண்ணித் தன் காயத்தைப் பெரிதாகப் பேச நாணுவான். பின்னர் முதுமையில் கால் வலிக்கிறதென்று எக்ஸ்ரே எடுக்கும்போது, தொடைக்குள் குண்டுச் சிதறல் தெரியும். பிள்ளைகள் அப்பொழுதுதான் கேட்பார்கள்: “இதற்குப் பதக்கம் இல்லையா, அப்பா?”

இத்துடன் ஒரு பெரும் விபத்தும் சேர்ந்துகொண்டது. 1973 ஜூலை 12-ஆம் தேதி, நள்ளிரவு கழிந்த சற்று நேரத்தில், செயின்ட் லூயி நகரின் அருகில் இருந்த படைவீரர் ஆவணக் காப்பகத்தின் ஆறாவது மாடியில் தீப் பற்றியது. 160 முதல் 180 லட்சம் வீரர்களின் பணிப் பதிவுகள் எரிந்தும் நனைந்தும் பாழாயின. 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி முதல் தேதி வரை தரைப்படையிலிருந்து விலகியவர்களின் பதிவுகளில் நூற்றுக்கு 80 பங்கு அழிந்தது. இரு உலகப் போர்களும் கொரியப் போரும் இந்தக் காலத்துக்குள் அடங்கியவை. நகல் கிடையாது, இன்னின்ன பதிவுகள் இருந்தன என்று காட்டும் அட்டவணையும் கிடையாது.

நனைந்தும் கருகியும் எஞ்சிய சுமார் 65 லட்சம் பதிவுகளை ஊழியர்கள் மீட்டனர். போர்க்கால ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்டோர் விவரம் அடங்கிய கணிப்பொறி நாடாக்கள் 1988-இல் வேறோரிடத்தில் கிடைத்தன. அவற்றில் பெயர்கள் இல்லை. சேனை எண்கள் மட்டுமே உண்டு. ஆயினும் அந்த எண்ணைக் கொண்டே தம் காயத்தை நிரூபித்தவர்கள் உண்டு. படைப்பிரிவின் தினசரி ஆஜர் அறிக்கை, சம்பளச் சீட்டு, அந்நாளில் வீட்டுக்கு எழுதிய கடிதம், உடன் இருந்தோர் அளிக்கும் சத்தியப் பிரமாணம் ஆகியவையும் துணைச் சான்றுகளாகும். ஆனால் தொண்ணூறு வயது முதியவர், தம்மை நேரில் கண்ட தோழரை எங்கே போய்த் தேடுவார்?

1951-இல் கொரியாவில் காயமுற்ற வீரர் ஒருவரின் கதி இதுதான். குண்டுச் சிதறல் அவர் தொடையிலேயே தங்கிவிட்டது. அது போரில் பட்டதாகவே இருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் கருதினர். ஆயினும் போதிய ஆதாரம் இல்லையென்று மனு தள்ளப்பட்டது. அவர் நீதிமன்றத்தை நாடினார். முடிவில், 2024-இல், 96-வது வயதில் பதக்கம் அவர் கைக்கு வந்தது.

சர்க்காரின் நியாயம்

இவ்வளவு கண்டிப்பு ஏன் என்று கேட்கத் தோன்றும். பெறாத பதக்கத்தைப் பெற்றதாகச் சொல்லித் திரிந்தவர்கள் அந்நாட்டில் உண்டு. அத்தகையோரைத் தண்டிக்கத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தால், உண்மையாகவே உதிரம் சிந்தியவரின் பதக்கம் மதிப்பிழக்கும். ஆதலின் சான்று கேட்பதைக் குறை கூறுவதற்கில்லை. சான்று அழிந்தது வீரனின் பிழையன்று என்பதை அதிகாரிகள் எந்த அளவுக்கு மனத்திற் கொள்கிறார்கள் என்பதே கேள்வி.

காலத்துக்கேற்ப விதிகள் தளர்ந்ததும் உண்டு. முற்காலத்தில் போர்க் கைதிகளாயிருந்து சித்திரவதைப்பட்டோருக்கு 1996-இல் வழி திறக்கப்பட்டது. வெளியே வடுத் தெரியாத மூளை அதிர்ச்சிக் காயத்துக்குரிய விதி 2011-இல் தெளிவாக்கப்பட்டது. அதன் பின்னரும், 2020 ஜனவரி 8-ஆம் தேதி ஈராக்கில் அல் அசாத் தளத்தின்மீது ஈரானிய ஏவுகணைகள் விழுந்தபோது, யாருக்கும் காயமில்லை என்றே முதலில் அறிவித்தார்கள். நூற்றுக்கு மேற்பட்டோருக்கு மூளைக் காயம் என்பது பின்னர் வெளிப்பட்டது. முதலில் 29 பேருக்கும், 2021 டிசம்பரில் மேலும் 39 பேருக்கும் பதக்கம் அளிக்க இசைந்தனர். மனத்தில் மட்டும் பட்ட காயத்துக்கு இப்பதக்கம் கிடையாது.

பதக்கத்தோடு பணமுடிப்பு எதுவும் வருவதில்லை. படைவீரர் ஆஸ்பத்திரியில் முன்னுரிமை போன்ற சில சலுகைகள் உண்டு. ஊனத்துக்குரிய உதவித்தொகை தனி. அப்படியிருந்தும் முதியவர்கள் கேட்பது ஏன்? ‘உனக்கு நேர்ந்தது உண்மை’ என்று நாடு ஒரு முறை எழுத்தில் சொல்ல வேண்டும் என்பதே அவர்கள் ஆசை.

நமக்கு உரியது

தாயகம் விட்டு வந்து இங்கு வாழும் நம் குடும்பங்களில், பாட்டனாரோ தகப்பனாரோ ராணுவத்தில் பணியாற்றியதால் வடக்கே குடியேறியவை பல. நம் நாட்டிலும் ஒரு காயம் பகைவரால் பட்டதா, பணியில் நேர்ந்த விபத்தா என்பது பதக்கத்தை மட்டுமன்றிப் பென்ஷனையும் பாதிக்கும். ‘பார்ட் டூ ஆர்டர்’ என்று சிப்பாய்கள் சொல்லும் உத்தரவில் அந்தக் காயம் எப்படி எழுதப்பட்டது என்பதை வீட்டார் அறிந்திருப்பது நலம்.

டிஸ்சார்ஜ் புத்தகம், மெடிக்கல் போர்டு தாள், ஆஸ்பத்திரிச் சீட்டு, களத்திலிருந்து வந்த கடிதங்கள் ஆகிய யாவற்றையும் ஒரே உறையில் இட்டு, நகல் எடுத்து வேறோரிடத்திலும் வையுங்கள். ஊர் மாறி ஊர் மாறிப் போகும் நம்மைப் போன்றோர் வீட்டில், பழங்காகிதம் குப்பையோடு போவது எளிது. பெரியவர் உயிரோடு இருக்கும்போதே, காயம் பட்ட தேதி, இடம், படைப்பிரிவு, சேனை எண், உடன் இருந்த தோழர்களின் பெயர் ஆகியவற்றைக் கேட்டு எழுதி, அவர் கையொப்பமும் பெற்றுக்கொள்ளுங்கள். விடுபட்டது ஏதேனும் இருந்தால் அவருடைய ரெஜிமெண்டின் ரிக்கார்டு ஆபீசுக்கு எழுதலாம். மதராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்தவர்க்கு அது நீலகிரி வெல்லிங்டனில் உள்ளது. வசிக்கும் ஜில்லாவில் உள்ள சைனிக் போர்டிலும் உதவி கேட்கலாம்.

அவர் தாமாக வாய் திறந்து சொல்லமாட்டார். கேட்க வேண்டியவர்கள் நாமே.